தேசிங்கின் எஸ்.ஜி.ஓ.டி. ஏறிய வாரம்

போன மாதம் சங்கீதா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆய்வகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். ரத்தக் குழாயை உள்ளே வைத்தால், ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் சீரத்தின் நிறம் கெட்டிருக்கிறதா என்று அதுவே பார்த்துச் சொல்லிவிடுமாம்.

"இப்பல்லாம் நாங்க ட்யூபத் தூக்கிப் பாக்கறதே இல்லக்கா. நீங்க வெறுங் கண்ணால பாத்தீங்கன்னு சொன்னா புதுசா வந்த புள்ளைங்க நம்ப மாட்டேங்குது. டிபார்ட்மென்ட்ல மலர் போடறோம், நாலு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றாள்.

மெஷின் வந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என் கண் தவறவிட்டவை பல உண்டு. அதில் ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

டிப்ளமோ முடித்த கையோடு புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். உயிர்வேதியியல் பிரிவில் போட்டார்கள். பொறுப்பில் இருந்தவர் மதாம் செசில். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் இரண்டு மொழியும் கலந்து பேசி வளர்ந்தவர். நாங்கள் அவசரப்படும்போதெல்லாம் "அத்தான்" என்பார். யாரைக் கூப்பிடுகிறார் என்று முதல் வாரம் முழுக்க நான் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் 'பொறு' என்று அர்த்தமாம். மதாம் குரலை உயர்த்த மாட்டார், திட்ட மாட்டார். கேள்வி கேட்பார். பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

சேர்ந்த ஆறாம் மாதம், பிரான்சுக்குப் போவதற்காக மருத்துவப் பரிசோதனைக்கு வந்த ஒரு பள்ளி ஆசிரியரின் ரிப்போர்ட்டை நான் கொடுத்தேன். எஸ்.ஜி.ஓ.டி. இயல்பைத் தாண்டி ஏறியிருந்தது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டும் கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதிகள். செல் உடைந்தால் ரத்தத்தில் கலக்கும், எண் ஏறும். மனிதர் பயத்தில் மூன்று நாள் சாப்பிடவில்லையாம். நான்காம் நாள் மதாம் என்னை ஜன்னலுக்கு அழைத்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த அவருடைய குழாயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன கலர்?"

"லேசா செவப்பு, மதாம்."

"லேசா செவப்புன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கியா?"

எழுதவில்லை. ஊசியிலிருந்து குழாய்க்குள் ரத்தத்தை நான் வேகமாக அழுத்தித் தள்ளியதில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அவற்றுக்குள்ளும் எஸ்.ஜி.ஓ.டி. உண்டு. அதுதான் ஏறியது, கல்லீரல் சும்மாதான் இருந்தது. ஆசிரியரை வரவழைத்து மறுபடி எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது. மதாம் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் அன்றிலிருந்து எண்ணை எழுதும் முன் நிறத்தை எழுதினேன்.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் தெருவிலேயே சரோஜா என்று ஒருவர், தையல் வேலை செய்தவர். ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்டவர். கிருமி இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனை வேறு, அது கல்லீரலைக் கெடுக்கிறதா என்று காட்டும் எண்கள் வேறு. சரோஜாவுக்கு முதலாவது எப்போதும் பாசிட்டிவ். எஸ்.ஜி.பி.டி. மட்டும் வருடா வருடம் சாதாரணமாகவே இருந்தது. "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று நானே தெருவில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து அறையில் ரத்த அணு எண்ணும் பிரிவில் அவருடைய தட்டணுக்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. கல்லீரல் உள்ளுக்குள் தழும்பேறி இறுகும்போது அப்படிக் குறையும். உடைவதற்குச் செல் அதிகம் மிச்சமில்லாதபோது நொதி எண் அமைதியாகத்தான் இருக்கும். இரண்டு அறை, இரண்டு ரெஜிஸ்டர். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். காப்பாற்ற முடியவில்லை.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று என் மேசையில் ஒரு கட்டு வெள்ளை அட்டை இருந்தது. மதாம் வாங்கி வைத்திருந்தார். ஹெப்படைட்டிஸ் பி உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. எந்த அறையில் எடுத்த எண்ணானாலும் அதில் ஏற வேண்டும். யாரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேலை இரட்டிப்பானது. யாரும் முணுமுணுக்கவும் இல்லை.

தேசிங்கின் அட்டையும் அந்தக் கட்டில் ஒன்று. வீராம்பட்டினத்துக்காரர், மீனவர். முதல் முறை வந்தபோது முப்பத்து மூன்று வயது. கிருமி இருப்பது தெரிந்து டாக்டர் தினசரி மாத்திரை கொடுத்திருந்தார். எட்டு மாதம் சாப்பிட்டுவிட்டு, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். இந்த மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்தினால் அடங்கியிருந்த கிருமி மொத்தமாக எழும்பும். அவருக்கு அப்படித்தான் ஆனது. கண்ணும் தோலும் மஞ்சளாகி, வயிறு வீங்கி, நினைவு தப்பும் நிலையில் கொண்டுவந்தார்கள். ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார். மனைவி கன்னியம்மா கட்டில் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். பிழைத்து எழுந்த அன்று, கைக்குழந்தையாக இருந்த மகளின் தலையில் கணவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார்: இனி மாத்திரையை விடக்கூடாது, கடலுக்கும் போகக்கூடாது.

அதன் பிறகு தேசிங்கு காலாப்பட்டுப் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் வாட்ச்மேன் ஆனார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே வருவார்கள். அட்டையில் எண்கள் சீராக இருந்தன. இப்படிப் பன்னிரண்டு வருடம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, தவணைக்கு ஒரு மாதம் முன்பே, கன்னியம்மா அவரை இழுத்துக்கொண்டு வந்தார். முந்தின நாளிலிருந்து சிறுநீர் கறுத்துப் போகிறதாம். பழைய காமாலை அப்படித்தான் ஆரம்பித்தது. ரத்தம் எடுத்தோம். எஸ்.ஜி.ஓ.டி. அறுநூறைத் தாண்டியிருந்தது. அதற்கு முந்தின தவணையில் அது முப்பதுக்குள் இருந்தது.

டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் பழைய கேஸ் அவருக்கு நினைவிருந்தது. "மாத்திரைய மறுபடி நிறுத்திட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்ல சார். ஒருநாள்கூட விடல" என்றார் தேசிங்கு.

"அன்னைக்கும் இதத்தான் சொன்ன" என்றார் கன்னியம்மா.

கிருமியின் அளவு பார்க்கும் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும். வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார் டாக்டர். இருவரும் தாழ்வாரத்தில் நடந்து போனதை நான் பார்த்தேன். கன்னியம்மா நாலு அடி முன்னால் போனார். எப்போதும் சேர்ந்து போகிறவர்கள்.

மறுநாள் காலை நான் அட்டையில் எண்களை ஏற்ற உட்கார்ந்தேன். கை நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய வரியில் எஸ்.ஜி.பி.டி. அதிகம், எஸ்.ஜி.ஓ.டி. அதைவிடக் குறைவு, காமாலையைக் காட்டும் பிலிருபின் மிக அதிகம். கிருமி கல்லீரலைத் தாக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இப்போதோ எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல மூன்று மடங்குக்கு மேல். பிலிருபின் ஏறவே இல்லை.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து குழாயை எடுத்து ஜன்னலில் பிடித்தேன். சீரம் தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருந்தது. மெஷின் சரியா என்று பார்க்க, அளவு தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை ஓட்டினேன். சரியாக வந்தது. அவருடைய மாதிரியை மறுபடி ஓட்டினேன். அதே எண்.

பக்கத்து அறையில் சிறுநீர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினேன். காமாலைக்கு உரிய பித்த நிறமி இல்லை. ரத்தம் இருக்கிறதா என்று காட்டும் பட்டை கரும்பச்சையாக மாறியிருக்கிறது. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பெண் 'சிவப்பணு இல்லை' என்று எழுதியிருந்தாள். பட்டை ரத்தம் என்கிறது, கண்ணுக்கு ரத்தம் இல்லை. சதை நார் உடைந்து அதன் சாயம் சிறுநீரில் இறங்கினால் இப்படி ஆகும். சதையிலும் எஸ்.ஜி.ஓ.டி. ஏராளமாக உண்டு.

முதல் ரிப்போர்ட், மறுபடி ஓட்டியது, சிறுநீர் ரிப்போர்ட் என்று மூன்று தாளையும் அட்டையோடு மதாமின் மேசையில் வைத்தேன். "இது லிவர் இல்ல மதாம். சதைன்னு நெனைக்கிறேன். சி.பி.கே. போட்டுப் பாக்கட்டுமா?" சி.பி.கே. என்பது சதை உடைந்தால் ஏறும் நொதி.

"அத்தான்" என்றார். மூன்று தாளையும் படித்தார். அட்டையைப் படித்தார். "டாக்டர் கேக்காத டெஸ்ட்ட நாம போடறதில்ல" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் போனை எடுத்துவிட்டார்.

"டாக்டர், என் டெக்னீஷியனுக்கு ஒரு சந்தேகம். எனக்கும் அதே சந்தேகம்" என்று ஆரம்பித்தார். அவ்வளவு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். மறுமுனையில் டாக்டர் பேசியது எனக்கும் கேட்டது. "அவரு வாட்ச்மேன் மேடம். நாள் முழுக்க நாற்காலில உக்காந்திருக்கறவரு. சதை எங்க உடையப்போவுது? சரி, போட்டுப் பாருங்க."

இருந்த சீரத்திலேயே போட்டோம். மெஷின் எண்ணைத் தர மறுத்தது. அளவுக்கு மேல் என்றது. பத்து மடங்கு நீர்த்துப் போட்டேன். மறுபடியும் மேலே என்றது. இன்னும் நீர்த்தேன். கடைசியில் வந்த எண்ணைப் பார்த்து நானே பெருக்கலை மூன்று தடவை சரிபார்த்தேன். இருநூறுக்குள் இருக்க வேண்டியது இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

டாக்டர் உடனே கன்னியம்மாவின் போனுக்குச் சொல்லி அவர்களை வரவழைத்தார். இவ்வளவு சதை உடைந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து; நிறைய சலைன் ஏற்ற வேண்டும். மத்தியானமே வார்டில் சேர்த்தார்கள். அங்கே டாக்டர் கேட்டிருக்கிறார்: கனமான வேலை ஏதாவது செய்தீர்களா, எங்காவது விழுந்தீர்களா, ஊசி எதுவும் போட்டீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றிருக்கிறார் தேசிங்கு. கன்னியம்மா பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

மாலையில் டாக்டர் ஆய்வகத்துக்கே வந்தார். "வேலை செய்யலன்னா மாத்திரைதான் காரணமா இருக்கணும். அபூர்வமா இந்த வகை மாத்திரை சதையப் பாதிக்கும். நாளைக்கு நிறுத்திட்டு வேற பாக்கணும்" என்றார்.

மதாம் கேட்டார்: "இந்த ஆளுக்கு மாத்திரைய நிறுத்தலாமா?"

"நிறுத்தறதுக்கு எனக்கும் பயமாதான் இருக்கு."

நான் கேட்ட பரிசோதனை. அதை வைத்து அவர் உயிரைக் காத்த மாத்திரையையே நிறுத்தப்போகிறார்கள்.

வியாழக்கிழமை காலை வார்டுக்கு ரத்தம் எடுக்க நானே போகிறேன் என்றேன். மதாம் சரி என்றார். "ரிசல்ட் எதையும் சொல்லாத. கேள்வி கேக்கறதுக்குத் தடை இல்ல" என்றார்.

கன்னியம்மா கேன்டீனுக்குப் போயிருந்தார். தேசிங்கு சலைன் ஏறாத கையை நீட்டினார். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, "கையை இறுக்கி மூடுங்க" என்றேன். பாதி மூடி முகத்தைச் சுளித்தார். விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குக் குறுக்கே தோல் உரிந்து, கொப்புளம் உடைந்து, சிவந்து கிடந்தது. மறு கையைத் திருப்பினேன். அங்கேயும் அதே தடம், கயிறு உரசினது போல.

"நாற்காலில உக்காந்ததுல இப்படி ஆயிடுச்சா?"

அவர் கதவைப் பார்த்தார். "அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா."

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க டாக்டர்கிட்ட சொல்லணும். சொல்லலன்னா இன்னைக்கு அவரு தப்பா ஒரு முடிவு எடுப்பாரு. என்னா கயிறு இது?"

மெதுவாகச் சொன்னார். "கரைவலை. மச்சானோடது. ஞாயித்துக்கெழம அக்கா வூட்டுக்குப் போவ சொல்லோ கரைப்பக்கமா போனேன். வலையில நல்லா மாட்டியிருந்துச்சு, இழுக்க ஆள் பத்தல. ஒரு கை குடுடான்னாங்க. குடுத்தேன். காலையில பிடிச்சது, மத்தியானம் வரைக்கும் விடல. பன்னெண்டு வருசமாச்சுக்கா கயிறத் தொட்டு. விட மனசு வரல."

"கடலுக்குப் போமாட்டேன்னு சத்தியம் பண்ணீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"கடல்ல எங்க எறங்கனேன்? கரையில நின்னுதான் இழுத்தேன்."

கதவருகில் கன்னியம்மா நின்றிருந்தார். கையில் காபி ஃபிளாஸ்க். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து ஃபிளாஸ்கை ஸ்டூலில் வைத்தார். கணவரின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா வூட்டுலேருந்து வந்த அசதின்னு சொன்ன."

தேசிங்கு விரல்களை மடக்கிக்கொண்டார்.

"அப்ப மாத்திர?"

"மாத்திரைய ஒருநாளும் விடல, கன்னி. நீ நம்பலன்னா பரவால்ல."

கன்னியம்மா காபியை ஊற்றிக் கொடுத்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. நான் ரத்தத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போய், தேசிங்கு உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன். அவர் நேரே வார்டுக்கு வந்து, தேசிங்கு சொன்னதைக் கேட்டு, அந்தக் கைகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நோயாளியின் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் மிச்சமாயிருக்கும்யா" என்றார். மாத்திரையை மாற்றவில்லை.

அன்று எஸ்.ஜி.ஓ.டி. பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. சனிக்கிழமை சிறுநீர் தெளிந்தது. சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மிச்சம் இருந்தது சென்னை முடிவு. செவ்வாய்க்கிழமை உறை வந்தது. மதாம் பிரித்தார். படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். கிருமி, கண்டறியும் அளவுக்குக்கூட இல்லை. பன்னிரண்டு வருடம் ஒருநாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்ட மனிதனின் ரத்தம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. மதாம் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரிப்போர்ட்டை வார்டு பையன் கையில் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். அன்று மதாம் தானே எடுத்துக்கொண்டார். என்னையும் வா என்றார். புறநோயாளி அறையில் அவர்கள் இருவரும் டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் தாளைப் படித்து கன்னியம்மாவிடம் சொன்னார்: "உங்க வீட்டுக்காரரு பொய் சொல்லல. மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டிருக்காரு. கிருமி அடங்கியே இருக்கு. வார்டுல எடுத்த ஸ்கேன்லயும் லிவர் நல்லா இருக்கு."

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தேசிங்கு பக்கம் திரும்பவில்லை. ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இனிமே அந்தக் கயிறத் தொட வேணாம்னு நீங்களே சொல்லுங்க சார்."

"ஏன் தொடக் கூடாது?" என்றார் டாக்டர். "உடம்பு பழகாம ஒரே நாள்ல அவ்ளோ இழுத்ததுதான் தப்பு. கொஞ்சம் கொஞ்சமா பழகி, தண்ணி நிறைய குடிச்சிட்டு இழுக்கட்டும். வேலை செய்யறதால இவரு லிவர் கெடாது."

"கனமா எதுவும் தூக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் அன்னைக்கு எழுதிக் குடுத்தீங்க?"

பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் தாள். மடிப்புகளில் கிழிந்து ஒட்டப்பட்டிருந்தது. டாக்டர் வாங்கிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்த கடைசி வரியில் விரலை வைத்து மெதுவாகத் தமிழில் படித்தார்.

"மூணு மாசம் கடின வேலை கூடாது."

கன்னியம்மா அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, தனக்குத் தெரியாத எழுத்தில் இருந்த அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசமா?" என்றார். "நான் பன்னெண்டு வருசம் வச்சிட்டனே."

"வுடு. அதான் உயிரோட இருக்கேன்" என்றார் தேசிங்கு.

திரும்பி வரும்போது தாழ்வாரத்தில் மதாம் என்னிடம், இனி எங்கள் மருத்துவமனையிலிருந்து போகும் எந்த அறிவுரைத் தாளும் தமிழிலும் இருக்க வேண்டும், அதற்கு யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். ஓய்வு பெற அவருக்கு அப்போது ஒரு வருடம்தான் இருந்தது. அதற்குள் அதை நடத்திவிட்டுத்தான் போனார்.

ஆறு மாதம் கழித்துத் தேசிங்கு வழக்கமான பரிசோதனைக்கு வந்தார். தோள் கொஞ்சம் அகன்றிருந்தது, வெயிலில் கறுத்திருந்தார். வாட்ச்மேன் வேலை இன்னும் இருந்தது. விடுமுறை நாளில் மட்டும் கரைக்குப் போகிறார். கன்னியம்மாவும் கூடவே வந்திருந்தார். நான் பட்டையைக் கட்டினேன். தேசிங்கு கையை இறுக்கி மூடினார். உள்ளங்கை காய்த்திருந்தது.

ஊசியை எடுக்கும் முன் கன்னியம்மா குனிந்து மேசையில் இருந்த படிவத்தைக் காட்டினார்.

"யக்கா, முந்தாநேத்து வலை இழுத்தாரு. நானும் கூடப் போயிருந்தேன். நம்பரு ஏறியிருந்தா பயந்துடாதீங்க. அதையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன்.